விடியலுக்கு முன் ஓடினாலும் வெப்பம் உண்டு

கோடை தொடங்கியதும் எங்கள் பொது மருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "வெயில் ஏறுவதற்கு முன்பே ஓடி முடித்துவிடுகிறோமே, பிறகு வெப்பம் எவ்வாறு பாதிக்கும்?" சனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானை மனத்திற்கொண்டு ஆண்டு முழுவதும் பயிற்சி செய்வோர் பலர். அவர்கள் கோடையில் அதிகாலை நான்கு மணிக்கே கடற்கரைச் சாலைகளில் ஓடத் தொடங்கி, 15 அல்லது 20 கிலோமீட்டரை முடித்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். இது நல்ல பழக்கமே. ஆயினும், விடியலுக்கு முன் ஓடுவது வெயிலைத் தவிர்க்குமேயன்றி வெப்பத்தை முழுமையாகத் தவிர்க்காது. அதன் காரணத்தையும், ஓடுபவரும் அவர்தம் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே விளக்குகிறோம்.

வெப்பம் உடலுக்குள்ளிருந்தே வருகிறது

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கே இயக்கமாக மாறுகிறது. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். அதில் 450 கிலோகலோரி வெப்பமாகும். அவரது உடலின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த 50 கிலோகலோரியே போதும். அவ்வெப்பம் வெளியேற வழியே இல்லையெனில், ஓட்டம் முடிவதற்குள் உடல் வெப்பநிலை 9 டிகிரி உயர்ந்துவிடும். உயிர் தாங்காத உயர்வு அது.

அவ்வாறு நேராமல் நம்மைக் காப்பது வியர்வை. 1 லிட்டர் வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியானால்தான் இப்பயன் கிட்டும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் நீரும் உப்பும் இழப்பாகுமே தவிர, உடல் குளிர்வதில்லை.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இடர் இங்குதான் உள்ளது. மே மாத இரவுகளில் வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியே நிற்கும் நாட்கள் பல. காற்றிலுள்ள நீராவியும் இரவில் பெரிதாகக் குறைவதில்லை. கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வீசத் தொடங்குவதால், அதிகாலையில் காற்று அசைவற்றிருப்பதும் உண்டு. ஈரமான, அசையாத காற்றில் வியர்வை ஆவியாவது கடினம். எனவே கடிகாரத்தை மட்டும் நம்பாமல், அன்றைய ஈரப்பதத்தையும் பார்த்து ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும். வெப்பத்தை உண்டாக்குவது வேகமே ஆதலால், வேகத்தைக் குறைப்பதே முதற்பாதுகாப்பு.

உடல் பழகுவதற்கு நாட்கள் தேவை

வெப்பத்தில் சிறிது சிறிதாகப் பயிற்சி செய்தால், 10 முதல் 14 நாட்களில் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை விரைவில் தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. சில வாரங்கள் ஓய்வெடுத்தால் இப்பழக்கம் மறைந்துவிடும். ஆதலால் விடுமுறைக்குப் பின் பழைய தொலைவை முதல் நாளே ஓட முயலக் கூடாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிய சில நாட்களிலும், இரவில் சரியாக உறங்காத நாளிலும் நீண்ட ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும்.

நீர்: குறைவும் தீது, மிகையும் தீது

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய வழி. 1 கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் இழப்பு எனக் கொள்ளலாம். எடையில் 2 சதவீதத்திற்கு மேல் இழக்காதவாறு பருகுவது பொருத்தம்.

மாறாக, ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் நீர் பருகியுள்ளார் என்பது பொருள். அப்போது இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளை வீங்கும் இடர் உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே தாகத்திற்கேற்பப் பருகுங்கள்; நீண்ட ஓட்டத்தில் வெறும் நீரை மட்டுமே பெருமளவில் குடிக்காதீர்கள்.

மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

இரத்த அழுத்தத்திற்காகத் தரப்படும் நீர்ப்பிரிப்பு மாத்திரைகளும், சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளும் நீரிழப்பை மிகுவிக்கும். பீட்டா தடுப்பு மருந்துகள், உடல் வெப்பத்தை வெளியேற்றும் திறனைக் குறைக்கக்கூடும். ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கு ஓட்டத்தின்போதும் பின்னரும் சர்க்கரை தாழக்கூடும். முழங்கால் வலிக்காக ஓடுவதற்கு முன் வலி மாத்திரை விழுங்குவது, நீரிழப்போடு சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். இவற்றுள் எதையும் தாமாக நிறுத்த வேண்டாம். ஓடும் பழக்கம் உண்டென்பதைத் தங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவையும் நேரத்தையும் அவர் முடிவு செய்வார்.

வீட்டார் அறிய வேண்டியது

உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை, அதாவது 104 டிகிரி பாரன்ஹீட்டைக் கடந்து, மூளையின் செயல் தடுமாறும் நிலையே ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம். பொருத்தமற்ற பேச்சு, காரணமற்ற எரிச்சல், தள்ளாட்டம், கேட்டதற்கு விடையளிக்காமை ஆகியவை முதல் அறிகுறிகள். வெப்பவாதம் வந்தால் வியர்வை நின்றுவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஓட்டத்தால் வரும் வெப்பவாதத்தில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். நெற்றியிலும் அக்குளிலும் பார்க்கும் வெப்பமானி உள்வெப்பத்தைக் குறைத்துக் காட்டும். ஆதலால் அதில் காய்ச்சல் தெரியவில்லை என்று ஆறுதலடைய வேண்டாம்.

இந்நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும். அடுத்தே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்கட்டும். நிழலில் படுக்கவைத்து, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் இடைவிடாமல் நீரை ஊற்றுங்கள். ஐஸ் கிடைத்தால் நீரில் இட்டு, அந்நீரில் நனைத்த துண்டுகளால் உடலை மூடி, அடிக்கடி மாற்றுங்கள். விசிறிக்கொண்டே இருங்கள். தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, அதனுள் படுக்கவைத்துக் குளிர்நீரை நிரப்புவதும் சிறந்த முறையே. நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. சர்க்கரை நோயாளியாயின் குளிர்வித்துக்கொண்டே குளுக்கோமீட்டரிலும் பாருங்கள்.

சரிந்து விழுந்ததிலிருந்து அரை மணி நேரத்திற்குள் உடல் வெப்பத்தைத் தணித்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம்தோறும் நடைபெறும் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தின் 18 ஆண்டுப் பதிவுகளில் 274 வெப்பவாத நிகழ்வுகள் உள்ளன. ஓட்டக்களத்திலேயே பனிக்கட்டி நீர்த்தொட்டியில் குளிர்வித்துச் சிகிச்சை அளித்ததால் அவற்றுள் ஓர் உயிரும் இழக்கப்படவில்லை.

நினைவு தெளிந்தாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆகவேண்டும். கல்லீரல், சிறுநீரகப் பாதிப்புகள் சில மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும். நீண்ட ஓட்டத்திற்குப் பின் சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் வெளியேறினால், தசை சிதைந்துள்ளது எனக் கொண்டு அன்றே வாருங்கள்.

ஓட்டத்தைக் கைவிடச் சொல்வது எங்கள் நோக்கமன்று. இதயத்திற்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் அது செய்யும் நன்மை பெரிது. தனியே இருளில் ஓடாமல் துணையுடன் ஓடுங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைச் சட்டைப்பையில் வையுங்கள். வீட்டிலிருப்போர், திரும்பி வந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். விடை தெளிவாக வருகிறதா என்பதே நீங்கள் செய்யக்கூடிய முதற்பரிசோதனை.