கைப்பேசி காட்டட்டும், கை வரையட்டும்

நான்கு வயதுக் குழந்தை திரையில் விரலை வைத்ததும் யானை முழுவதும் நீலமாகிவிடுகிறது. கோடு தாண்டவில்லை, வண்ணம் வழியவில்லை. வீட்டார் மகிழ்கிறார்கள். ஆனால் வண்ணம் தீட்டியது செயலிதான், குழந்தை அல்ல. அப்படியானால், தொடக்கக் கலைக் கல்வியில் தொழில்நுட்பத்துக்கு என்ன வேலை?

கை ஏன் முக்கியம்?

மெழுகு வண்ணக்குச்சியை அழுத்தினால் கோடு கருக்கும், படுக்கவைத்துத் தேய்த்தால் அகலும். விரல்களும் மணிக்கட்டும் இதில்தான் எழுத்துக்குப் பழகுகின்றன. 2 முதல் 4 வயது வரை கிறுக்கல், அதன்பின் உருவங்கள் என்று குழந்தை ஓவியம் வளரும் படிநிலைகளை விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதே 1947-ல்தான் திண்டுக்கல் மாவட்டத்தில் சின்னாளப்பட்டி அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கைவேலை வழியே கற்பது அங்கு வேரூன்றிய காந்தியின் ஆதாரக் கல்வியின் அடிப்படை.

தொழில்நுட்பம் எங்கே உதவும்?

வரைவதற்கு முன், பார்ப்பதற்கு. முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலையின் ஒரு புள்ளியைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிக் காட்டுங்கள். நூல் கட்டிய இடத்தில் சாயம் ஏறாமல் வெண்மை தங்கியிருப்பது தெரியும். பிறகு கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, பழைய வெள்ளைத் துணியில் புளியங்கொட்டையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, மஞ்சள் நீரில் முக்கச் சொல்லுங்கள். முடிச்சை அவிழ்க்கும்போது விழும் வட்டம் குழந்தையின் சொந்தப் படைப்பு.

வரைந்த பின், சேமிப்பதற்கு. ஓவியங்களைத் தேதியுடன் படமெடுத்து வைத்தால், நாளடைவில் கிறுக்கல் வட்டமாகி, வட்டம் முகமாவதைப் பெற்றோரும் ஆசிரியரும் காணலாம்.

பள்ளியில்?

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு உண்டு, ஸ்மார்ட் வகுப்பறைகளும் வந்துள்ளன. திண்டுக்கல் அருகே உள்ள சிறுமலையின் பறவையையோ பூவையோ பெரிய திரையில் ஓரிரு நிமிடம் காட்டினால் போதும். திரையை அணைத்த பிறகு, நினைவிலிருந்து வரையட்டும். திரையைப் பார்த்தபடியே வரைந்தால் எல்லாத் தாளிலும் ஒரே பூதான் இருக்கும்.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது.

பெற்றோரே, அடுத்த முறை வண்ணம் தீட்டும் செயலியைத் தேடும் முன் ஒரு வண்ணக்குச்சிப் பெட்டி வாங்குங்கள். தாளுக்கு வெளியே கோடு போனால் திருத்தாதீர்கள். என்ன வரைந்தாய் என்று கேளுங்கள்.