குட்டி விமானத்துக்கு ஒரு கண்!

மொட்டை மாடியில் நின்று பட்டம் விட்டிருக்கிறீர்களா, குட்டீஸ்? அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தால் நம்ம நல்லூர் எப்படித் தெரியும் என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பீர்கள்.

ஜெர்மனியில் மருந்துக்கடை வைத்திருந்த யூலியஸ் நியூபிரான்னர் என்பவருக்கும் இதே ஆசை வந்தது. 1907-ம் ஆண்டு வாக்கில் அவர் புறாவின் மார்பில் குட்டிக் கேமராவைக் கட்டிப் பறக்க விட்டார்! புறா தாங்க வேண்டுமே? அதனால் கேமராவின் எடை 75 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் புறா வீடு திரும்பி, பிலிமைக் கழுவிய பிறகுதான் அதைப் பார்க்க முடிந்தது.

இன்று ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் பார்ப்பதை, அதே நொடியில் நாமும் பார்க்கலாம். எப்படித் தெரியுமா?

விமானத்தின் மூக்கில் ஒரு கேமரா. பக்கத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர். இது படத்தை ரேடியோ அலையாக்கி ஆன்டெனா வழியே அனுப்பும். தரையில் உள்ள ரிசீவர் அதைப் பிடித்துத் திரையில் காட்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல். "இடது பக்கம் திரும்பு" என்று நம் ரிமோட் அனுப்பும் கட்டளையும் ரேடியோ அலைதான். இரண்டும் ஒரே அலைவரிசையில் போனால், ஒரே வகுப்பில் இரண்டு டீச்சர்கள் ஒரே நேரத்தில் பாடம் நடத்துவது போலாகிவிடும். கட்டளை புரியாமல் விமானம் 'தொப்'பென்று விழலாம்! அதனால் பெரும்பாலும் ரிமோட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், படத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் என்று பிரித்து விடுகிறார்கள். நொடிக்கு 240 கோடி அதிர்வுகள் ஒன்றுக்கு, 580 கோடி அதிர்வுகள் இன்னொன்றுக்கு. அம்மாடியோவ்!

எடையும் முக்கியம். மூக்கில் கேமராவை வைத்ததும் விமானம் முன்பக்கம் சாயும். பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, இறக்கைகளுக்கு அடியில் இரண்டு விரல்களால் தாங்கிப் பார்ப்பார்கள். ஆடாமல் நின்றால் சரி. கேமராவுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைக்காவிட்டால் மோட்டாரின் அதிர்வில் படம் ஜெல்லி மாதிரி நெளியும். ஆன்டெனாவைப் பொருத்தாமல் டிரான்ஸ்மிட்டருக்கு கரண்ட் கொடுத்தால் அது சூடாகிக் கருகிவிடலாம். அவசரக் குடுக்கைகள் பலர் இப்படித்தான் காசைக் கரியாக்குகிறார்கள்!

இது வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 'தக்‌ஷா' என்ற குழு ஆளில்லா விமானங்களை உருவாக்கியது. 2012-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதி கிரானைட் குவாரிகளில் முறைகேடு நடந்ததாகப் புகார் எழுந்தது. ஆள் இறங்கி அளக்கத் தயங்கும் கிடுகிடு பள்ளங்கள் அவை. மேலே இருந்து படம் பிடிக்க எம்.ஐ.டி.யின் ஆளில்லா விமானம் பறந்தது! இதே குழு 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ உதவி விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அப்போது குழுவுக்கு ஆலோசகர் யார் தெரியுமா? குட்டி விமானம் விடுவதில் கில்லாடியான நடிகர் அஜித்குமார்தான்!

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? 2021-ல் வந்த டிரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வாங்க 18 வயது ஆக வேண்டும். விமான நிலையம், ராணுவ இடங்கள் பக்கம் பறக்கவிடக் கூடாது. நமக்கு மேற்கே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறதே! எங்கே பறக்கலாம் என்பதை அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் பெரியவர்களோடு பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

திறந்த மைதானத்தில் இரண்டு பேராகப் பறக்கவிடுவதுதான் வழக்கம். ஒருவர் திரையைப் பார்ப்பார், மற்றவர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் கால்வாசி ஆகிவிடும். பழைய அனலாக் கருவி என்றால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டத் தொடங்கும். உடனே விமானத்தைத் திருப்பிவிட வேண்டியதுதான்!