வலி தெரியாத கால்

உட்கார்ந்தபடியே முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சிறிய எலும்பு முண்டு ஒன்று தட்டுப்படும். அது ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பின் தலைப்பகுதி. அதற்குக் கீழே, எலும்பைச் சுற்றிக்கொண்டு பெரோனியல் நரம்பு ஓடுகிறது. தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் அதற்குப் பாதுகாப்பு. காற்பந்து ஆடும்போது அந்த இடத்தில் பலமாக உதை விழுந்தாலோ, மாவுக்கட்டு அதிகமாக இறுகினாலோ நரம்பு பாதிக்கப்படலாம்.

இந்த நரம்பு எங்கிருந்து வருகிறது? கீழ்முதுகிலிருந்து புறப்படும் சில நரம்புகள் ஒன்றுசேர்ந்து சியாட்டிக் நரம்பாகின்றன. உடலிலேயே தடிமனான நரம்பு இதுதான். தொடையின் பின்புறம் வழியாக இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பெரோனியல், மற்றொன்று டிபியல்.

இருவழிச் சாலை

இந்த இரண்டு நரம்புகளும் இருவழிச் சாலைகள் போன்றவை. மூளையின் கட்டளை தசைக்கு இறங்குகிறது; தொடுதல், சூடு, வலி பற்றிய செய்திகள் மூளைக்கு ஏறுகின்றன.

பெரோனியல் நரம்பு செயலிழந்தால் பாதத்தை மேலே தூக்க முடியாது. நடக்கும்போது விரல்கள் தரையில் உரசும். படியேறுபவர்போல முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடக்க வேண்டியிருக்கும். இதைப் பாதத் தொய்வு என்பார்கள். டிபியல் நரம்பு செயலிழந்தால் நுனிக்காலில் எம்பி நிற்க முடியாது. உள்ளங்காலில் உணர்ச்சியும் போய்விடும்.

அறுந்த நரம்பைத் தைத்து இணைத்தாலும், நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாத நுனி வரை 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 நாள்!

தசை செயலிழந்தால் நடையிலேயே தெரிந்துவிடும். உணர்ச்சி போனால் யாருக்கும் தெரியாது. அதனால் வரும் கேட்டை உலகுக்கு எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று வேலூர்.

வேலூரில் கிடைத்த பாடம்

தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914ல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்ட் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் பெருகும். அதனால் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் கெடுகின்றன. முழங்காலுக்கு அருகே பெரோனியல், கணுக்காலுக்கு அருகே டிபியல். வலி தெரியாததால் நோயாளிகள் புண்ணான காலை ஊன்றியே நடந்தனர். சிலர் தூங்கும்போது எலிகள் விரலைக் கடித்தும் விழிக்கவில்லை. அதற்காகப் பூனைகள் வளர்க்கப்பட்டன! காயத்தை மாவுக்கட்டுப் போட்டுப் பாதுகாத்தபோது, மற்றவர்களுக்கு ஆறுவதைப் போலவே ஆறியது. சதையில் குறையில்லை, எச்சரிக்கும் வலிதான் இல்லாமல் போயிருந்தது.

பாதத் தொய்வுக்கும் வழி கிடைத்தது. காலின் பின்புறத்தில் நன்றாக இயங்கும் தசை ஒன்றின் தசைநாரை முன்பக்கம் மாற்றிப் பொருத்தினால், அது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

பிராண்ட் 1966ல் அமெரிக்கா சென்றார். தொழுநோயில் கற்ற பாடம் அங்கு நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் உதவியது.

நம் வீட்டுப் பாதங்கள்

இந்தப் பாடம் நமக்கும் தேவை. சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவு நோய்க்கு எதிராகப் போர் அறிவித்தது. இரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் கூடுதலாக இருந்தால், மிக நீளமான நரம்பிழைகளே முதலில் பழுதாகும். ஆகவே, மரத்துப்போவது பெரும்பாலும் கால்விரல்களில் தொடங்குகிறது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை பக்தர்கள் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை சுட்டால், நரம்பு நன்றாக உள்ளவர் உடனே நிழலுக்கு ஒதுங்குவார். உணர்ச்சி குறைந்தவர் நடந்துகொண்டே இருப்பார். கொப்புளம் வந்ததுகூட அவருக்குத் தெரியாது. அது புண்ணாகிக் கிருமி தொற்றினால் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

இதைக் கண்டறியும் சோதனை எளிது. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். 10 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் அவர் உள்ளங்காலைத் தொடுவார்கள். தொட்டது தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்தில் இருக்கிறது.

உங்கள் தாத்தா பாட்டிக்கு நீரிழிவு இருந்தால், ஆண்டுதோறும் பாதப் பரிசோதனை செய்துகொள்கிறார்களா என்று கேளுங்கள். குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பது அவர்களுக்குச் சிரமம். இன்றிரவே நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்: வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம் ஏதும் இருக்கிறதா? இருந்தால், வலிக்கவில்லை என்று அவர்கள் சொன்னாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.