தள்ளாமையைத் தள்ளிப்போட முடியும்

மதுரை பசுமலை நிறுத்தத்தில் டவுன் பஸ் வந்து நிற்கும்போது வயதானவர்கள் ஏறுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறார்கள். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கிறார்கள். அதன் பிறகு ஒரு நொடி அப்படியே நிற்கிறார்கள். அடுத்து உடம்பு மேலே போவது காலின் பலத்தால் அல்ல, கையின் பலத்தால்தான். "பாத்து, மெதுவா ஏறுங்கம்மா" என்று கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஏறி உட்கார்ந்த பிறகும் சிறிது நேரம் மூச்சு வாங்குகிறது.

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். வயது மட்டுமே காரணம் என்றால் ஒரே வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி இல்லையே. எழுபத்தைந்து வயதில் ஒருவர் பௌர்ணமிதோறும் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வருகிறார். அதே வயதில் இன்னொருவர் கழிவறைக்குப் போகத் துணைக்கு ஆள் தேடுகிறார். இந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் தள்ளாமை. அதை அளக்கலாம், தள்ளிப்போடலாம், ஓரளவு திருப்பவும் செய்யலாம் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி தெளிவாகச் சொல்கிறது.

அளப்பதற்கு வழி வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட். 2001இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஐந்து அறிகுறிகளை வரையறுத்தார்கள். முயற்சி எதுவும் செய்யாமலே ஓராண்டில் நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைவது, எதைச் செய்தாலும் அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை வேகம் குறைவது, நடமாட்டமே குறைந்துபோவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை. ஒன்று, இரண்டு இருந்தால் அதற்கு முந்தைய நிலை. இந்த முந்தைய நிலைதான் முக்கியம், ஏனென்றால் மீட்பது சுலபமாக இருப்பது அந்தக் கட்டத்தில்தான். அங்கேதான் நாம் யாரும் கவனிப்பதும் இல்லை.

தள்ளாமை வந்தவருக்கு உடம்பில் கையிருப்பு என்று எதுவும் மிஞ்சியிருக்காது. நமக்கு நான்கு நாளில் போகும் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளிவிடும். படுக்கையோ இன்னும் கெடுக்கும். சராசரியாக 67 வயதான, நோய் நொடியில்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்த்து "நல்லா படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று எவ்வளவு அன்போடு சொல்கிறோம்! உயிர் பிழைத்து வந்தவரின் நடையைப் பறிப்பது பல நேரங்களில் அந்த ஓய்வுதான்.

தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. நின்று நிதானமாக உழைப்பவை ஒரு வகை. சட்டென்று விசையோடு இயங்குபவை இன்னொரு வகை. வயது ஏற ஏற முதலில் மெலிவது இரண்டாவது வகை. குளியலறையில் கால் வழுக்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுகாலை ஊன்றிச் சமாளிக்க வைப்பது அந்த இழைகள்தான். அவை போனால் வழுக்கல் விழுதலாகிறது. விழுதல் இடுப்பெலும்பு முறிவில் முடிகிறது. தினமும் நடைப்பயிற்சி போகிறவர்கள் "நான்தான் நடக்கிறேனே" என்பார்கள். நடப்பது மிக நல்லது. ஆனால் மெலிந்த தசையைத் திரும்ப வலுவாக்க அது மட்டும் போதாது. தசை எதையாவது எதிர்த்துத் தள்ள வேண்டும், தூக்க வேண்டும்.

இதைத் தொண்ணூறு வயதுக்காரர்களிடம் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் மரியா ஃபியாடரோனே என்ற மருத்துவருக்கு வந்தது. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைச் சேர்த்து, எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். 1990இல் முடிவு வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். பயிற்சியை நிறுத்தியதும் நான்கே வாரத்தில் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்பதும் அதே ஆய்வில் உண்டு. விட்டுவிட்டால் போச்சு.

நான்காண்டு கழித்து நூறு பேரை வைத்து அவரே செய்த பெரிய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உடற்பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களை அம்மாவுக்கு வாங்கிப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2014இல் வெளியான லைஃப் என்ற ஆய்வு இன்னும் பெரியது. எழுபதிலிருந்து எண்பத்தொன்பது வயது வரை 1,635 பேர், ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. நடை, கால் பலம், சமநிலை மூன்றுக்கும் பயிற்சி பெற்றவர்களில் 30.1 சதவீதம் பேர் 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தார்கள். ஆரோக்கிய வகுப்புகளில் மட்டும் கலந்துகொண்டவர்களில் அது 35.5 சதவீதம். இது மாயாஜால எண் அல்ல. ஆனால் தன் காலால் கடைக்குப் போய் வருவது யாருக்குப் போய்விட்டதோ, அவரிடம் கேட்டால் அதன் மதிப்பைச் சொல்வார்.

மாத்திரை? தள்ளாமைக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. வைட்டமின் டி மீது பெரிய நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்ததில், அது தள்ளாமையைத் தடுக்கவில்லை என்று 2022இல் தெரிந்தது. குறைபாடு இருப்பவர்கள் மருத்துவர் சொன்னபடி சாப்பிடட்டும். எல்லோரும் விழுங்கத் தேவையில்லை.

பயிற்சியோடு சேர வேண்டியது புரதம். வயதான தசை புரதத்தை அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்திக்கொள்ளாது. அதனால் இளையவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்பது முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளைக்கு 55 முதல் 66 கிராம். நம் வீடுகளில் என்ன கிடைக்கிறது? காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி "செரிக்காது" என்று கஞ்சி. நான்கு இட்லியிலேயே எட்டு கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் போட்டால் பத்து கிராம். பல் இல்லாதவருக்கு அதையே மசித்துக் கொடுக்கலாம். மீனும் மோரும் கெட்டிப் பருப்பும் இருக்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு அளவைக் கூட்ட வேண்டும்.

தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, கையை ஊன்றாமல் எழுந்த தலைமுறை இன்றைய முதியவர்கள். அந்த எழுந்திருத்தலே ஒரு பயிற்சி. மூட்டு வலி இருப்பவரைத் தரையில் உட்காரச் சொல்லக் கூடாது என்பது சரிதான். ஆனால் வலி இல்லாதவரிடமிருந்தும் பாசத்தின் பெயரால் ஒவ்வொரு வேலையாகப் பிடுங்குகிறோம். "ஆத்தா, நீ சும்மா ஒக்காரு, நாங்க பாத்துக்கிருவோம்." வாளியைத் தூக்க விடுவதில்லை, மாடிக்குப் போக விடுவதில்லை, வாசல் தெளிக்க விடுவதில்லை. பிறகு ஒரு நாள் எழுந்திருக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வீட்டில் நாம் கவனிக்காமல் விடுவதில் கண்புரையும் சேர்த்தி. ஒரு கண்ணுக்குச் சீக்கிரமே அறுவை செய்தால் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2005இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவரும் மதுரையில் யாரும் புரையோடு தடுமாற வேண்டியதில்லை.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. மருத்துவர் வ.செ. நடராஜன் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே முதல் முதியோர் மருத்துவப் பட்ட மேற்படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. தேவையும் பெரிதுதான். கணிப்பின்படி 2021இல் இங்கே நூற்றுக்கு 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள், 2031இல் அது 18.2 ஆகும். இத்தனை பேரும் கிண்டிக்குப் போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறது. பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், இயன்முறை மருத்துவமும் அதில் அடக்கம். அதோடு நடை வேகத்தையும் நாற்காலியிலிருந்து எழும் நேரத்தையும் குறித்துக்கொள்வதை வழக்கமாக்கினால் போதும். அதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும் கொஞ்சம் பயிற்சியும்தான். அரசு இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை நீங்களே செய்யலாம். கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மாவையோ அப்பாவையோ அதில் உட்கார வைத்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால், அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது சுகர் மாத்திரையோடு இயன்முறை மருத்துவரையும் கேட்டு வாங்குங்கள்.