மாவளில் ஒரு பேச்சு, ஆகுர்டியில் ஒரு பேச்சு

2024 மே 9. முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் மோடியையும் ராகுல் காந்தியையும் ஒரே மேடையில் விவாதிக்க அழைத்துக் கடிதம் எழுதினார்கள். 11ஆம் தேதி ராகுல் சரி என்றார். பா.ஜ.க. இளைஞரணியோ தன் துணைத் தலைவர் அபினவ் பிரகாஷை அனுப்புவதாகச் சொன்னது. பிரதமர் வரவேயில்லை. 11ஆம் தேதி மாலையே புனே அருகிலுள்ள ஆகுர்டியில் மக்களவைத் தேர்தல் பிரசாரம் ஓய்ந்தது. அந்த ஊர் அடங்கிய மாவள் மக்களவைத் தொகுதிக்கு 13இல் வாக்குப்பதிவு.

நாம் தேர்ந்தெடுப்பது எம்.பி.யை, அதிபரை அல்ல. அமெரிக்கக் கூத்து இங்கே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். அப்படியானால் விவாதத்தைத் தொகுதியில் வையுங்கள். பிரிட்டனில் தொகுதி வேட்பாளர்களை ஒன்றாக உட்காரவைத்து ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பது வெகுநாள் வழக்கம்.

மாவளில் அதற்கு வேலை இருக்கிறது. ஆகுர்டி இருக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று ஆக்கினார்கள். அதற்கு வெகு முன்பே, பவனா அணையிலிருந்து நகரத்துக்கு நேரே குழாய் பதிக்கலாம் என்றபோது, பாசனம் போய்விடும் என்று மாவள் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று மும்பை-புனே விரைவுச்சாலைப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். திட்டம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது.

குடம் வைத்துக் காத்திருப்பவரும் வாய்க்காலை நம்பியிருப்பவரும் ஓட்டுப் போடுவது ஒரே எம்.பி.க்கு. தனித்தனிக் கூட்டம் என்றால் எந்தக் கட்சிக்காரரும் அங்கே ஒன்று, இங்கே ஒன்று பேசிவிட்டு வண்டி ஏறிவிடலாம். இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழும்படி பேசச் சொன்னால்தான் சங்கடம். 2024இல் பதவியில் இருந்த ஷிண்டே சிவசேனாவின் ஸ்ரீரங் பாரணே, உத்தவ் அணியின் சஞ்சோக் வாகேரேயைச் சுமார் 96 ஆயிரம் வாக்கில் தோற்கடித்தார். முன்னால் ஓடுகிறவருக்கு விவாதத்தால் லாபமில்லை என்பது எல்லாக் கட்சிக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கையில் பத்தாண்டுக் கணக்கு வைத்திருப்பவரும் அவர்தானே? எதிராளியிடம் வாக்குறுதி மட்டும்தான்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2021 தேர்தலுக்கு முன் எடப்பாடி பழனிசாமியும் ஸ்டாலினும் நேருக்கு நேர் வரத் தயாரா என்று சவால் விட்டுக்கொண்டார்கள். மேடைதான் அமையவில்லை.

யார் நடத்துவது? தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் ஒதுக்கும் இலவச நேரத்தோடு, அதிகபட்சம் இரண்டு விவாதங்களுக்கும் ஏற்பாடு உண்டு. கட்சி யாரை அனுப்புகிறதோ அவர் பேசுவார் என்பதுதான் அதிலுள்ள ஓட்டை. அனுப்பப்படும் ஆள் அல்ல, வேட்பாளரே வரவேண்டும் என்று விதியை மாற்றி, தொகுதிக்கு ஒன்று என வைக்கலாம். மாவளில் அந்த மேடையை ஆகுர்டியில் போடுவதைவிட, அணைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போட்டு நகரத்துக்காரர்களை அங்கே வரச் சொல்வது நல்லது.