சுமப்பவனுக்கும் ஒரு நாள்

மிதிவண்டிப் பந்தயம் என்றவுடன், தனியொருவர் தம் கால்வலிமையை மட்டுமே நம்பி ஓடும் ஓட்டம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். வெற்றிமாலை ஒருவர் கழுத்தில்தானே விழுகிறது! ஆனால் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் வாரக்கணக்காக நடைபெறும் பெரும் பந்தயங்களின் உள்ளமைப்பை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அங்கே ஒருவர் வெல்வதற்காக ஏழு பேர் தேய்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் எதிர்பாராத வகையில் முன்னிலைக்கு வந்துவிட்டால், அதுவரை அவர் உழைப்பால் உயர்ந்த தலைவர்கள் என்ன செய்யவேண்டும்? 2023-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஜம்போ-விஸ்மா என்னும் தொழில்முறைக் குழுவின் முன் இந்த வினா எழுந்தது. குடும்பமாய் வாழும் நாமும் எண்ணிப் பார்க்கத் தகுந்த வினா இது.

காற்றைத் தாங்கும் பணி

மே மாதத்தில் இத்தாலி, ஜூலையில் பிரான்சு, ஆகஸ்டு இறுதியிலிருந்து செப்டம்பர் வரை ஸ்பெயின் என ஆண்டுதோறும் மூன்று பெரும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. ஒவ்வொன்றும் மூன்று வாரம் நீளும். 21 நாள் ஓட்டம், இடையே 2 நாள் ஓய்வு. கடக்கவேண்டிய தொலைவு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவரே வென்றவராகக் கொள்ளப்படுவார். அன்றன்று முன்னிலையில் இருப்பவர் இத்தாலியில் இளஞ்சிவப்பு, பிரான்சில் மஞ்சள், ஸ்பெயினில் சிவப்பு நிறப் பனியனை அணிவார்.

ஒரு குழுவுக்கு எட்டு வீரர்கள். சமவெளியில் இவர்களுக்குப் பெரும் பகை காற்றே. முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துச் சென்றால், அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆகவே துணைவீரர்கள் மாறி மாறி முன்னே சென்று காற்றைத் தாங்க, தலைவர் அவர்கள் நிழலில் தம் வலிமையைச் சேமித்துக்கொள்கிறார். குழுவின் காரிலிருந்து குடிநீர்ப் புட்டிகளை வாங்கி முதுகுப்புறத்தில் செருகிக்கொண்டு முன்னேறி வந்து பகிர்ந்தளிப்பதும் அவர்கள் வேலையே. தலைவரின் சக்கரம் பழுதுபட்டால், தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்பவர்களும் உண்டு. இத்தகைய துணைவீரரைப் பிரெஞ்சு மொழியில் 'தொமெஸ்தீக்' என்கிறார்கள். வீட்டு வேலையாள் என்று பொருள். வெல்பவர் பரிசுத் தொகையைத் தம் குழுவினரோடு பகிர்ந்துகொள்வது நெடுங்கால வழக்கம்.

சிதைந்து எழுந்த குழு

இக்குழுவின் பழைய வரலாறு பெருமைக்குரியது மட்டுமன்று. 1996 முதல் ராபோபாங்க் என்னும் வங்கியின் பெயரில் இயங்கிவந்தது இதுவே. ஊக்க மருந்து ஊழல்கள் இவ்விளையாட்டையே உலுக்கிய 2012-ஆம் ஆண்டில், அவ்வங்கி தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. பெயரும் பணமும் இழந்த குழு படிப்படியாக மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. 2020-இல் அதன் தலைவர், ஸ்லோவேனிய நாட்டு பிரிமோஷ் ரோக்லிச், பிரான்சுப் பந்தயத்தில் இறுதி நாளுக்கு முந்திய நாள்வரை மஞ்சள் பனியனோடு இருந்தும், அன்று தம் நாட்டவரான தாதேய் பொகாச்சரிடம் அதை இழந்தார்.

2023-இன் இளவேனிற் பருவத்தில் ஒரு நிகழ்ச்சி. மார்ச்சு 26-ஆம் நாள் பெல்ஜியத்தின் கெண்ட்-வெவெல்கெம் பந்தயத்தில், இக்குழுவின் வவுட் வான் ஆர்ட்டும் கிறிஸ்தோஃப் லப்போர்த்தும் மற்றெல்லாரையும் பின்தள்ளி இருவராகவே எல்லைக்கோட்டை நெருங்கினர். வான் ஆர்ட் புகழ் மிக்கவர். ஆயினும் போட்டியிடாது, தம் துணைவரை முன்னே செல்லவிட்டார். இது பெருந்தன்மையா, விளையாட்டுக்கு இழுக்கா என்று அப்பொழுதே வாதம் எழுந்தது. அந்த வாதம் செப்டம்பரில் பன்மடங்காகத் திரும்பி வந்தது.

மலைமேல் ஒரு தள்ளுதல்

இத்தாலியப் பந்தயத்தில் ரோக்லிச் தலைவர். மே 27-ஆம் நாள், இறுதிக்கு முந்திய ஓட்டம் லுசாரி மலைமீது முடிந்தது. இத்தாலியர், ஸ்லோவேனியர், ஜெர்மன் மொழியினர் ஆகிய மூன்று மக்களும் திருப்பயணம் வரும் அன்னை மரியாளின் திருத்தலம் அம்மலையுச்சியில் உள்ளது. ரோக்லிச் அன்று காலை 26 வினாடி பின்தங்கியிருந்தார். செங்குத்தான ஏற்றத்தில் அவருடைய வண்டியின் சங்கிலி கழன்றது. இறங்கி மாட்டிவிட்டு அவர் மீண்டும் ஏறியபொழுது, சாலையோரம் நின்ற ஒருவர் ஓடிவந்து தள்ளிவிட்டார். தள்ளியவர், ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டும் வீரராயிருந்த இளமைக் காலத்தில் அவருடன் ஒரே குழுவில் இருந்தவராம்! அன்று அவர் 40 வினாடி மீட்டு, 14 வினாடி முன்னிலையில் பந்தயத்தை வென்றார்.

பிரான்சில் டென்மார்க்கு வீரர் யோனஸ் விங்கெகோர் தலைவர். பொகாச்சரை 7 நிமிடம் 29 வினாடி முந்தி வாகை சூடினார். இத்தனை வேகம் நேரிய வழியில் வந்ததா என்று செய்தியாளர்கள் வினவினர். முன்னைய ஊழல்களை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்டது முறையே. என் மகளுக்குக் கொடுக்கத் துணியாத எதையும் நான் உட்கொள்வதில்லை என்ற கருத்துப்பட விடையளித்தார் அவர். வான் ஆர்ட் பந்தயத்தின் இறுதி வாரத்தில், தம் மனைவியின் பேறுகாலத்தில் உடனிருக்கவேண்டிப் போட்டியை விட்டு வீடு திரும்பினார். குழு அவருக்கு விடை கொடுத்தது.

இவ்விரு பந்தயங்களிலும் மலைதோறும் தலைவர்களை ஏற்றிவிட்ட துணைவீரர் ஒருவரே: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து துராங்கோ நகரில் பிறந்த செப் கஸ். மூன்றாவது பந்தயத்துக்கும் அவர் புறப்பட்டார்.

தலைகீழான வரிசை

ஸ்பெயினில் ரோக்லிச், விங்கெகோர் இருவருமே தலைவர்கள். ஆனால் 6-ஆம் நாள் ஓட்டத்தில் முன்னோடிய கூட்டத்தில் சேர்ந்த கஸ், ஹவலாம்ப்ரே மலையில் வென்று பெருமளவு நேரத்தை ஈட்டினார். 8-ஆம் நாள் சிவப்புப் பனியன் அவருடையதாயிற்று. தனித்தனியே நேரம் கணிக்கும் ஓட்டத்தில் அதை இழந்துவிடுவார் என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர்.

பிறகு நடந்ததே பலர் நெஞ்சைத் தைத்தது. 16-ஆம் நாள் பேஹெஸ் ஏற்றத்தில் விங்கெகோர் தனித்துப் பாய்ந்து வென்றார். கஸ்ஸின் முன்னிலை 29 வினாடியாகச் சுருங்கியது. மறுநாள் அங்லிரு என்னும் கொடிய மலையில் கஸ் தளர்ந்தபொழுது, இரு தலைவர்களும் அவரை விட்டுவிட்டு மேலே சென்றனர். ரோக்லிச் முதல்வர், விங்கெகோர் இரண்டாமவர். கஸ் மூன்றாவதாக வந்துசேர்ந்தார். கையில் எஞ்சியது 8 வினாடி!

வலியவர் வெல்வதுதானே விளையாட்டு என்றனர் சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பரிசு பிச்சையாக இடப்படுமாயின் அது பெறுபவருக்கும் பெருமையன்று. ஆனால் அந்தத் தலைவர்கள் அம்மலையடிவரை வலிமை குன்றாது வந்தது யாரால்? மே மாதத்திலும் ஜூலையிலும் காற்றைத் தாங்கியவர் யார்? உழைப்பின் கணக்கு ஒரே மாலையில் தொடங்கி முடிவதன்று; அது ஆண்டு முழுவதும் எழுதப்படுவது. பார்த்திருந்த மக்கள் இதனை உணர்ந்தே குரல் எழுப்பினர்.

குழுவினர் கூடிப் பேசினர். இனிக் கஸ்ஸைக் காப்பதே அனைவர் கடமை என்று முடிவாயிற்று. ரோக்லிச் இம்முடிவை முழுமனத்தோடு ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. தமக்கென்று தனிக்கருத்து உண்டென்பதை அவர் மறைக்கவுமில்லை. ஆயினும் கட்டுப்பட்டார். விங்கெகோரோ மறுநாள் ஏற்றத்தில் துணைவீரராக மாறிக் கஸ்ஸுக்கு முன்னே சென்று காற்றைத் தாங்கினார். இறுதியில் சற்றுப் பின்தங்கவும் செய்தார். 8 வினாடி 17 ஆயிற்று. செப்டம்பர் 17-ஆம் நாள் மத்ரீத் நகரில் கஸ், விங்கெகோர், ரோக்லிச் என்ற வரிசையில் மேடை ஏறினர். ஒரே ஆண்டில் மூன்று பெரும் பந்தயங்களையும் மூன்று வேறு வீரர்களைக் கொண்டு வென்ற முதற் குழு இதுவே.

மேடையிலிருந்து இறங்கிய பின்

அந்த ஆண்டு முடிவில் ரோக்லிச் வேறு குழுவுக்குச் சென்றார். ஜம்போ நிறுவனமும் விலகியதால் குழுவின் பெயர் 2024-இல் மாறியது. வெற்றி எல்லாரையும் ஒன்றாய்ப் பிணைத்து வைத்துவிடவில்லை. கஸ் எங்கே? பழைய பணிக்கே திரும்பினார். 2025-இல் விங்கெகோர் ஸ்பெயினில் சிவப்புப் பனியனை வென்றபொழுது, மலைகளில் அவருக்குத் துணை நின்றவர்களுள் கஸ்ஸும் ஒருவர். ஒருமுறை முடி சூடியவர் மறுபடியும் தண்ணீர்ப் புட்டி சுமக்க நாணவில்லை.

அன்பு வாசகர்களே, நம் இல்லங்களிலும் காற்றைத் தாங்குபவர்கள் இருக்கிறார்கள். தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திய அண்ணன், தங்கைகளின் திருமணம் முடியட்டும் என்று காத்திருந்த அக்காள், எல்லாரும் உண்டபின் பானையின் அடியைத் துழாவும் தாய்! அவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்டுப் பழக்கமில்லை. அவர்களுக்கு நாம் செய்யவேண்டியது புகழுரை அன்று. என்றேனும் ஒருநாள் அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு வரும். பாதியில் விட்ட படிப்பைத் தொடரவோ, தமக்கென ஒரு தொழில் தொடங்கவோ ஆசை எழும். அன்று வேகம் மிகுந்த நாம் அவர்களை முந்திச் செல்லாமல், ஒரு பொழுதாவது முன்னே நின்று அவர்களுக்காகக் காற்றைத் தாங்குவோம்.