பெருந்தொற்றுக்குப் பின் விமானப் பயணத்தின் மீட்சி: சென்னை விமான நிலையம்

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய நின்றுபோன விமானப் பயணம், அடுத்த நான்கு ஆண்டுகளில் படிப்படியாகப் பழைய அளவை நோக்கித் திரும்பியது. இதுவே விமானப் பயணத்தின் மீட்சி எனப்படுகிறது. இம்மீட்சி எல்லா ஊர்களிலும் ஒரே வேகத்தில் நடைபெறவில்லை. இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் உள்நாட்டுப் பயணம் 2023இல் பழைய அளவைக் கடந்துவிட்டது. சென்னை விமான நிலையமோ 2023-24 நிதியாண்டு முடிந்தபோதும் அந்த அளவை எட்டவில்லை. இந்த வேறுபாடு எப்படி ஏற்பட்டது என்பதை அறிந்தால், மீட்சி என்னும் சொல்லின் பொருள் தெளிவாகும்.

போக்குவரத்து நின்ற விதம்

உலக நலவாழ்வு அமைப்பு 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. அதே மாதம் 22ஆம் நாளுடன் இந்தியாவுக்கு வரும் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நின்றன. சரக்கு விமானங்களுக்கு மட்டும் தடையில்லை.

வெளிநாடுகளில் சிக்கிய இந்தியர்களை அழைத்துவர 'வந்தே பாரத்' திட்டம் மே 7 அன்று தொடங்கியது. உள்நாட்டுச் சேவை மே 25 அன்று மீண்டும் தொடங்கியது. ஆனால் வழக்கமான பறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே இசைவு கிடைத்தது. அப்போது சென்னையில் தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. எனவே தமிழ்நாடு அரசின் வேண்டுகோளின்படி, சென்னைக்கு வரும் விமானங்கள் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 25 என வரையறுக்கப்பட்டன. வருவோர் இ-பாஸ் பெற வேண்டும். 14 நாள் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டும். இரண்டு நாள் வேலைக்காக வருபவருக்கு 14 நாள் தனிமை என்றால், அவர் பயணத்தையே தவிர்த்துவிடுவார். விமானம் பறக்கத் தொடங்கியும் இருக்கைகள் நிரம்பாததற்கு இத்தகைய விதிகளும் ஒரு காரணம்.

உள்நாட்டுப் பறப்புகளுக்கான வரம்பு சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. 2021இல் இரண்டாம் அலை வந்தபோது அது 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. முழு இசைவு 2021 அக்டோபர் 18 அன்றுதான் கிடைத்தது. வழக்கமான பன்னாட்டுச் சேவை 2022 மார்ச் 27 அன்று தொடங்கியது. கட்டணங்களுக்கு அரசு விதித்திருந்த கீழ், மேல் வரம்புகள் 2022 ஆகஸ்ட் 31 அன்று நீக்கப்பட்டன.

மீட்சியை அளப்பது எப்படி?

சென்னை விமான நிலையத்தைப் பயன்படுத்திய உள்நாட்டு, பன்னாட்டுப் பயணிகளின் தோராயமான எண்ணிக்கை வருமாறு:

2019-20: 2.23 கோடி
2020-21: 55 லட்சம்
2021-22: 95 லட்சம்
2022-23: 1.86 கோடி
2023-24: 2.12 கோடி

முதல் ஆண்டில் ஏற்பட்ட வீழ்ச்சி ஏறத்தாழ 75 விழுக்காடு. இதை ஈடுசெய்ய 75 விழுக்காடு வளர்ச்சி போதும் என்று எண்ணுவது தவறு. 100 பேர் 25 பேராகக் குறைந்தால் வீழ்ச்சி 75 விழுக்காடு. அந்த 25 பேர் மீண்டும் 100 பேராக வேண்டுமானால் 300 விழுக்காடு வளர்ச்சி தேவை. 2022-23இல் பயணிகள் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரு மடங்கானது. ஆயினும் அது 2019-20ஆம் ஆண்டு அளவில் ஆறில் ஐந்து பங்கு மட்டுமே. எனவே மீட்சியை முந்தைய ஆண்டோடு ஒப்பிடாமல், பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும்.

இந்திய உள்நாட்டு விமானங்களில் 2019இல் 14.4 கோடிப் பேர் பயணம் செய்தனர். இந்த எண்ணிக்கை 2020இல் 6.3 கோடியாகக் குறைந்தது. பிறகு 2021இல் 8.4 கோடி, 2022இல் 12.3 கோடி என உயர்ந்து, 2023இல் 15.2 கோடியை எட்டியது.

முதலில் திரும்பியவர்கள் யார்?

உள்நாட்டுப் பயணமே முதலில் மீண்டது. அதற்கு ஒரு நாட்டு அரசின் இசைவு போதும். பன்னாட்டுப் பயணத்துக்கு இரு நாடுகளின் விதிகளும் ஒத்துவர வேண்டும். சிங்கப்பூர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்நாட்டில் உள்நாட்டு விமானப் பயணமே இல்லை. 2019இல் சாங்கி விமான நிலையத்தைப் பயன்படுத்தியோர் 6.83 கோடி, 2021இல் 31 லட்சம் மட்டுமே. அதே 2021இல் இந்திய உள்நாட்டுப் பயணம் பாதி அளவைத் தாண்டிவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டோர் தனிமையின்றிச் சிங்கப்பூர் செல்லும் ஏற்பாடு, சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கு 2021 நவம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது.

சிறிய வழித்தடங்கள் மேலும் நெடுநாள் காத்திருந்தன. சென்னை-யாழ்ப்பாணம் விமானச் சேவை 2019 நவம்பரில்தான் தொடங்கியிருந்தது. சில மாதங்களிலேயே பெருந்தொற்று அதை நிறுத்தியது. அது மீண்டும் தொடங்கிய நாள் 2022 டிசம்பர் 12. கடல் கடந்து உறவினரைக் காணும் குடும்பங்களுக்கு, நாட்டின் மொத்தப் பயணிகள் எண்ணிக்கை உயர்ந்ததால் மட்டும் பயன் விளையவில்லை. அவர்களுக்குத் தேவையான ஒரு வழித்தடம் திறக்கும்வரை மீட்சி வரவில்லை.

பயணத்தின் நோக்கமும் வேகத்தை முடிவு செய்தது. திருமணம், இறப்பு, மருத்துவம், வேலைக்குத் திரும்புதல் ஆகியவற்றுக்காகச் செல்வோரால் பயணத்தை நெடுநாள் தள்ளிப்போட இயலாது. அலுவலகக் கூட்டங்களுக்காகச் செல்வோருக்குக் காணொளி வழி மாற்று கிடைத்தது.

நின்ற விமானங்களின் செலவு

விமானம் தரையில் நின்றாலும் செலவு நிற்பதில்லை. குத்தகைத் தொகை, நிறுத்துமிடக் கட்டணம், ஊழியர் சம்பளம் ஆகியவை தொடரும். இயந்திரங்களை மூடிப் பாதுகாத்து, குறித்த இடைவெளியில் சோதிக்க வேண்டும். விமானிகளும் 90 நாட்களுக்குள் மூன்று முறையாவது விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும் என்பது பொது விதி. இல்லையெனில் மீண்டும் பயிற்சி தேவைப்படும்.

இந்தியாவின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோ, 2020 ஜூலையில் தன் ஊழியரில் 10 விழுக்காட்டினரைக் குறைப்பதாக அறிவித்தது. பயணிகள் திரும்பிய பின்னரும் எல்லா நிறுவனங்களும் பிழைக்கவில்லை. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் பறப்பதை நிறுத்தியது. இயந்திரங்கள் உரிய நேரத்தில் கிடைக்காததே காரணம் என்று அந்நிறுவனம் கூறியது. பயணிகள் இருந்தும் பறக்க விமானம் இல்லாத நிலை, மீட்சியின் பிற்பகுதியில் தோன்றிய புதிய சிக்கலாகும்.

மேற்குப் புறநகரின் நிலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளுக்கு விமானப் பயணம் இரு வகையில் முக்கியமானது. தொழிற்பேட்டைகளுக்கு அவசர உதிரிபாகங்களும் மாதிரிப் பொருட்களும் விமானத்தில் வந்து செல்கின்றன. மென்பொருள், பொறியியல் துறைகளில் பணிபுரிவோரும், வெளிநாடுகளில் பிள்ளைகள் உள்ள பெற்றோரும் இங்கு மிகுதி.

விமானம் திறந்தாலும் விமான நிலையத்தை அடைவது தனிச் சிக்கலாக இருந்தது. ஆவடியிலிருந்து இரயிலில் வருபவர் சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்திலிருந்து திரிசூலம் செல்லலாம். அல்லது மெட்ரோவில் செல்லலாம். உள்நாட்டு விமானங்கள் தொடங்கிய 2020 மே மாதத்தில் புறநகர் இரயிலில் பொதுமக்களுக்கு இடமில்லை, மெட்ரோவும் ஓடவில்லை. மெட்ரோ செப்டம்பர் 7 முதல்தான் படிப்படியாகத் தொடங்கியது. சொந்த வண்டி இல்லாதவர், விமானக் கட்டணத்தோடு வாடகைக் கார் செலவையும் ஏற்க வேண்டியிருந்தது.

பயணிகள் குறைந்த காலத்திலும் சரக்குப் போக்குவரத்து தொடர்ந்தது. தமிழ்நாட்டுக்கான முதல் கோவிஷீல்டு தடுப்பூசிகள் புனேயிலிருந்து சென்னைக்கு 2021 ஜனவரி 12 அன்று விமானத்தில்தான் வந்தன. பயணத்தை மீட்ட மருந்தையும் விமானமே சுமந்து வந்தது.

சென்னை பின்தங்கியது ஏன்?

2019-20இல் ஐதராபாத் விமான நிலையத்தைவிடச் சென்னையில் பயணிகள் சற்று அதிகம். 2023-24இல் ஐதராபாத் ஏறத்தாழ 2.5 கோடிப் பயணிகளைக் கண்டது, சென்னை 2.12 கோடியில் நின்றது. இதற்கு ஒரே காரணத்தைக் கூற இயலாது. தொடக்க காலக் கட்டுப்பாடுகள், சென்னையில் பன்னாட்டுப் பயணத்தின் பங்கு, வீட்டிலிருந்தே பணிபுரியும் வழக்கம் ஆகியவற்றைக் கருதலாம். விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட 29 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சுட்டிக்காட்டப்படுவதுண்டு. நிறுவனங்களிடம் விமானங்கள் குறைவாக இருக்கும்போது, செலவு குறைந்த இடங்களுக்கே அவற்றை முதலில் அனுப்புவது இயல்பு.

சென்னையில் புதிய ஒருங்கிணைந்த முனையம் 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. முனையம் பெரிதாவதால் மட்டும் பயணம் பெருகிவிடாது. விமானங்களும் வழித்தடங்களும் சேர்ந்து பெருக வேண்டும்.

பரந்தூரும் எதிர்காலமும்

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டதாக 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. இவ்விடம் காஞ்சிபுரத்துக்கு அருகில், பூந்தமல்லிக்கு மேற்கே உள்ளது. திட்டத்துக்கு 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவை. அதில் விளைநிலங்களும் நீர்நிலைகளும் அடங்கும். ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர்.

இங்கு மீட்சியைக் கணக்கிடும் முறை வெறும் பாடநூல் செய்தியாக இருப்பதில்லை. 2021-22க்கும் 2022-23க்கும் இடைப்பட்ட வேகமான வளர்ச்சியை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டினால், தேவை மிகைப்படும். 2020-21இன் வீழ்ச்சியை மட்டும் நோக்கினால், தேவையே இல்லை என்று தோன்றும். நீண்ட காலப் போக்கைக் கொண்டு கணக்கிடுவதே முறை. நிலம் கொடுப்பவரும் வரி செலுத்துபவரும் பயணம் செய்பவரும் அக்கணக்கைக் கேட்டறிய உரிமை உடையவர்கள்.